லயத்து அடுப்பும் பண்டிகைப் பலகாரமும்

பண்டிகை என்றால் பலகாரம். பலகாரம் என்றால் சுற்றம். நிலமும் நெல்லும் உடையவருக்கு இஃது இயல்பாக வாய்த்த இன்பம். நிலமும் இன்றி, நேரமும் தமதன்றி வாழ்ந்த மக்கள் இவ்வின்பத்தை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதைப் பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களின் வரலாறு காட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து மக்கள் மலைநாட்டுக்கு வந்தனர். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பசறை, நமுணுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை மலைச்சரிவுகளில் லயங்கள் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதன் முன்னே ஒரு சிறு திண்ணை, பெரும்பாலும் அவ்வளவே. விடியுமுன் பெரட்டுக்கு ஓடவேண்டும். மாலையிற் கொழுந்து நிறுத்த பின்பே வீடு திரும்பலாம். இத்தகைய வாழ்வில் முழுக் குடும்பமும் ஒருங்கே அடுப்பைச் சுற்றி அமர்வதற்குக் கிடைத்த அரிய பொழுதுகளுள் ஒன்று தீபாவளிக்கு முந்திய இரவு.

அந்த இரவிலே எவரும் சும்மா இருப்பதில்லை. ஊறிய அரிசியை இளம்பெண்கள் உரலிலிட்டு இடித்து, மாவைச் சலிப்பர். அதிரசத்துக்குரிய சர்க்கரைப் பாகின் பதத்தை, ஒரு துளியை நீரில் விட்டு, வீட்டின் மூத்தவளே தேர்ந்து சொல்வாள். முறுக்கு பிழிவதற்கு இளைஞரின் கைவலிமை வேண்டும். சிறுவர்களோ காவல் காப்பதுபோல் அமர்ந்து, உடைந்த துண்டுகளுக்குக் காத்திருப்பர். சுட்ட பலகாரம் மறுநாட் காலையில் தட்டுத் தட்டாக அயல்வீடுகளுக்குச் செல்லும், வெறுந்தட்டாகத் திரும்புவதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு அண்டைச் சிங்களக் கிராமத்தார் சுடும் கொண்டைப் பலகாரமும் கொக்கிசும் நம் அதிரசத்துக்கும் அச்சுமுறுக்குக்கும் உறவினவே.

இம்மகிழ்ச்சி விலையின்றிக் கிடைத்ததன்று. தோட்டம் வழங்கும் தீபாவளி முற்பணம் பின்னர் மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படும். ஓரிரவில் உண்ட இனிப்பின் கடனைப் பல மாதங்கள் உழைத்து அடைத்தனர். 1942இல் பர்மா யப்பானியர் வசமாக, அரிசி வரவு நின்றது. கோதுமை மா ரொட்டி அன்றாட உணவில் இடம்பெற்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடோ தோட்டங்களைப் பட்டினியில் வாட்டியது.

ஆயினும் அரிசியில்லாமையினும் கொடியது ஆளில்லாமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவராயினர். எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைகளை எண்ணிப் பங்கிடுதல் எளிது. குடும்பங்களை அவ்வாறு பங்கிட இயலுமா? ஓர் அடுப்பருகே அமர்ந்தவர்களுள் தாய் ஒரு நாட்டவளாகவும் மகள் மறு நாட்டவளாகவும் ஆயினர். தலைமன்னாரிற் கப்பலேறியவர்களுட் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலையையே பறித்தனர். பாகின் பதம் அறிந்த கை கடலுக்கு அப்பால் இருந்தது. அதைப் பார்த்துப் பழகிய பேர்த்தி இங்கே தனியே அடுப்பை மூட்டினாள். 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது.

எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்கு வழிசெய்தது. இன்று பிள்ளைகளைப் பிரிப்பது பிழைப்பு. கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாட்டு வீடுகளிலும் உழைப்போர் பலர். தீபாவளிக்கு முன்னாட்களிற் பதுளைக்கு வரும் பேருந்துகள் அவர்களுட் சிலரையேனும் கொண்டுவந்து சேர்க்கின்றன. இன்று கடையிலே எல்லாப் பலகாரமும் விலைக்குக் கிடைக்கும். இருந்தும், வந்து சேர்ந்தவர் கைகழுவி அடுப்பருகே அமர்ந்து முறுக்கு அச்சைக் கையில் எடுக்கும்போதே அந்த வீட்டிற் பண்டிகை தொடங்குகின்றது.