சுவரும் மாளிகையும்: சிக்காகோ நகரின் மக்கட் கலை பற்றிய ஒரு நோக்கு

கலைக்கூடங்கள் செல்வரின் கொடையாலும் அரசின் ஆதரவாலும் எழுந்தவை என்பதே பொதுவான வரலாற்று நோக்காகும். ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தென்பகுதிக் கறுப்பின மக்கள் மேற்கொண்ட இரு முயற்சிகள் இந்நோக்கை மீளாய்வு செய்யுமாறு எம்மைத் தூண்டுகின்றன.

1930களின் பொருளாதார மந்தத்தை எதிர்கொள்ளச் சமஷ்டி அரசாங்கம் வகுத்த கலைத் திட்டத்தின்கீழ், 1940இல் தென்பகுதிச் சமுதாயக் கலை நிலையம் தோன்றியது. ஊழியர் வேதனத்தை அரசு வழங்கிற்று. கட்டடத்தைப் பெறும் பொறுப்போ மக்களைச் சார்ந்தது. மாகரெற் பரோஸ் முதலிய இளங்கலைஞர் தெருமுனையில் நின்று பத்துச் சத நாணயங்களைத் திரட்டினர். பழைய மாளிகையொன்று வாங்கப்பட்டது. 1943இல் அரசின் திட்டம் முடிவுற்றது. மாளிகை மக்களின் உடைமையாக இருந்தமையால் நிலையம் நிலைத்தது.

1967இல் வில்லியம் வோக்கர் உள்ளிட்ட கலைஞர் பலர், 43ஆம் வீதியிலிருந்த கட்டடமொன்றில் ‘மதிப்புச் சுவர்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினர். மல்கம் எக்ஸ், முகமது அலி, டு பொய்ஸ் ஆகியோரின் உருவங்களை அயலவர் தம் தெருவிலேயே கண்டனர். பிற நகரங்களிலும் சுவரோவிய இயக்கம் பரவுவதற்கு இது வழிகோலியது. ஆயினும் அக்கட்டடம் அவர்களுக்கு உரியதன்று. 1971இல் அது தீக்கிரையாகி, 1972இல் இடிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டைக் கலைத்திறன் கொண்டு விளக்குதல் இயலாது. மக்கட் கலையின் வரலாற்றை ஆராய்வோர் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் மட்டுமன்றி, கலை நிற்கும் நிலம் யாருக்குரியது என்பதையும் வினவுதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.