கப்பலேறிய காகிதம்

ஸ்காட்லாந்தில் நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு பண்ணைக் கூலிக் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளில் அப்பன், ஆத்தாள், பிள்ளைகள் எல்லாருக்கும் பெயரும் வயதும் இருக்கின்றன. அதே காலத்தில் தாம்பரம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவளைத் தேடுங்கள். 1871-இல் சென்னை மாகாணத்தில் தலைகளை எண்ணினார்கள். கூட்டுத்தொகை அச்சாயிற்று, பெயர் எழுதிய தாள்கள் காக்கப்படவில்லை. நிலவரிக் கணக்கு பட்டாதாரரைத்தான் அறியும். படியாளின் பெயருக்கு அதில் இடமில்லை.

அப்படிப்பட்டவர்களில் சிலரை ஒரு காகிதம் எழுதி வைத்தது. அது இப்போது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது.

அங்கே நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, கப்பல் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதினார்கள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர். கடைசியில் உடல் அடையாளம், தழும்போ மச்சமோ. ஓடிப்போனவரைப் பிடிக்க வைத்த கட்டம் அது. படமே எடுத்திராத அந்த மனிதர்களின் முகமாக இன்று நமக்குக் கிடைப்பதும் அந்த ஒரு சொல்தான்.

முதல் பட்டியல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலோடு புறப்பட்டது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கப்பல் ஏற வேண்டும். நவம்பர் 16-இல் 342 பேர் டர்பன் சேர்ந்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங். 1911-இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை 1,52,184 பேர் அந்த வரிகளில் ஏறினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா என்ற வரிகளும் அதில் உண்டு. அன்று தாம்பரம் அந்தத் தாலுகாதான். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி ‘மூன்சாமி’ ஆகி, பேரன் காலத்தில் குடும்பப் பெயரே ஆகிவிட்டது. ஊர்ப்பெயர்கள் இன்னும் சிதைந்தன.

எண் மட்டும் சிதையவில்லை. தோட்டம் மாறினாலும் கல்யாணம் பதிந்தாலும் அந்த எண்ணே கூட வந்தது. ஏடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் தங்கின. பிறகு கணினிக்குப் போயின. இன்று கொள்ளுப்பேரர்கள் அந்த வரியின் நகலைக் காட்டித்தான் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (OCI) அட்டை கேட்கிறார்கள். சாட்டைக்கும் சர்க்காருக்கும் எழுதிய வரி பேரனுக்குப் பத்திரமாயிற்று என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த நகலோடு சிலர் மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறார்கள். குரோம்பேட்டையை அதில் தேடிப் பயனில்லை. தோல் தொழிற்சாலை வந்த பிறகு பிறந்த பெயர் அது. சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் போன்ற பழைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். யாராவது அப்படியொரு தாளை உங்களிடம் நீட்டினால், தெரியாது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஊர்ப்பெயரை உரக்க வாசித்து, தெருவில் வயதானவர்களைக் கேளுங்கள்.