தாம்பரத்தில் எச்.ஐ.வி. சிகிச்சையும் சமூக ஆதரவும்

சென்னையின் தென்புறநகரான தாம்பரம், எச்.ஐ.வி. உள்ளோருக்கு அரசு வழங்கும் சிகிச்சையில் இந்தியாவின் முன்னோடி இடங்களுள் ஒன்று. இங்குள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை 1993 முதல் எச்.ஐ.வி. உள்ளோரை உள்நோயாளிகளாகச் சேர்த்துவருகிறது. நாட்டில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) முதலில் தொடங்கிய 8 அரசு மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. மருந்து மருத்துவமனை வாசல்வரை வந்ததில் அரசுக்குப் பங்கு உண்டு. அது எட்டும் விலையில் கிடைக்கவும், வீடுவரை சென்று விடாமல் தொடரவும் எச்.ஐ.வி. உள்ளோர் தாமே கட்டியெழுப்பிய அமைப்புகள் பெரும்பங்கு ஆற்றின.

பின்னணி

மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928-இல் பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்கான சானடோரியத்தை நிறுவினார். தாம்பரம் சானடோரியம் 1937-இல் அரசின் வசமாகி, பின்னர் இந்த நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. புறநகர் ரயில் நிலையம் ஒன்று இன்றும் அதன் பெயரையே தாங்கியிருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அந்த ஆய்வைச் செய்தனர். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களை இந்தியாவில் முதலில் தாக்குவது பெரும்பாலும் காசநோய்தான். ஆகவே, பிற மருத்துவமனைகள் கதவடைத்த காலத்தில் நோயாளிகள் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது இயல்பே. கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். கூட்டு மருந்து ஏழைகளுக்கு எட்டாதிருந்த அந்நாட்களில், அங்கே சித்த மருந்துகளும் தரப்பட்டன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மக்கள் ரயிலேறி வந்தனர். சுனிதி சாலமன் 1993-இல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், பின்னர் தென்சென்னையின் தரமணியில் இயங்கிப் பலருக்கு மற்றொரு புகலிடமானது.

இலவச மருந்து

மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டுச் சிகிச்சைக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான காலத்தில், இந்திய நிறுவனமான சிப்லா 2001-இல் அதை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவசத் திட்டம் தொடங்கியது. முதல்வரிசை மருந்துகள் பலனளிக்காமல் போனவர்களுக்கான இரண்டாம் வரிசைச் சிகிச்சை 2008 ஜனவரியில் சோதனை முறையில் ஆரம்பித்தபோது, மும்பை ஜே.ஜே. மருத்துவமனையுடன் தாம்பரமும் தேர்வானது.

தொடக்கத்தில், நோய் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4-இன் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பாலோருக்கு மருந்து கிடைத்தது. அந்த வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்ற கொள்கை 2017-இல் வந்தது. ஆரம்பகாலத்தில் பரவலாகத் தரப்பட்ட ஸ்டாவுடின் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை ஒட்டச் செய்தது. யாரிடமும் சொல்லாத நோயை முகமே காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற அச்சத்தில் பலர் வாழ்ந்தனர். அந்த மருந்து பின்னர் கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலோர் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரையை நாளொன்றுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்கின்றனர். உடன் காசநோயும் இருந்து ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒருவேளை தரப்படுகிறது.

எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள்

எச்.ஐ.வி. உள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பு (ஐ.என்.பி. பிளஸ்) 1997-இலும், பி. கௌசல்யா முன்னின்று தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998-இலும் சென்னையில் உருவாயின. கணவர் வழியே தொற்றுக்கு ஆளாகி, கணவர் இறந்த பின் புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்ட பெண்களின் சொத்துரிமையும் மருத்துவ உரிமையும் பொதுவெளியில் பேசப்பட இவ்வமைப்பு வழிவகுத்தது.

இவற்றின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று காப்புரிமை அலுவலகத்தில் நிகழ்ந்தது. குழந்தைகளுக்கான நெவிரபின் சிரப்புக்கு போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் கோரிய காப்புரிமையை இவ்விரு அமைப்புகளும் எதிர்த்தன. அறிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, பலன் கூடாதவரை காப்புரிமை இல்லை என்ற சட்டப்பிரிவு அவர்களுக்குத் துணைநின்றது. 2008 ஜூனில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மாத்திரை விழுங்க இயலாத பிள்ளைகளுக்கான மருந்து ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் போகாமல் காக்கப்பட்டது.

மருந்து தொடரும் விதம்

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் ‘நம்பிக்கை மையம்’ எனப்படும் அரசு மையங்களில் நடக்கின்றன. தொற்று உறுதியானால் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு, சி.டி.4 பரிசோதனை, பின்னர் மாதாந்திர மருந்து என்று நடைமுறை நீள்கிறது. பல மையங்களில் வருபவர் மீதி மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்வார்கள். அவற்றை எண்ணி, எத்தனை வேளை தவறியது என்று கணக்கிடுவார்கள். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் உண்டு. வீட்டு உரிமையாளர் பார்த்துவிடக் கூடாதே என்று மாத்திரைகளை வேறு டப்பாவுக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. இவற்றைக் கண்டு கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேட்டறிய, அதே மாத்திரையை அன்றாடம் விழுங்கும் ஒருவரால்தான் எளிதில் முடிகிறது. அதனால்தான் ஏ.ஆர்.டி. மையங்களில் எச்.ஐ.வி. உள்ளோரே பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்களாக அமர்த்தப்படுகின்றனர். வராமல் நின்றுபோனவர்களைத் தொலைபேசியிலும் நேரிலும் தேடி மீண்டும் அழைத்துவருவது இவர்களின் பணி. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியே தொற்று பரவாது என்ற அறிவியல் உண்மையைக் குடும்பங்களுக்கு விளக்குவோரும் இவர்களே.

சட்டமும் இன்றைய நிலையும்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை இது தடைசெய்கிறது. ஒருவருடைய தொற்று நிலையை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் சிகிச்சை வழங்கும் கடமை, ‘இயன்றவரை’ என்ற வரம்போடுதான் அரசின்மீது சுமத்தப்பட்டுள்ளது. அந்தச் சொல் சிகிச்சை தடைபட இடமளிக்கும் என அஞ்சி, அதை நீக்க வேண்டும் என எச்.ஐ.வி. உள்ளோர் அமைப்புகள் கேட்டன. கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2022-இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து டெல்லியில் எச்.ஐ.வி. உள்ளோர் வாரக்கணக்கில் போராட நேர்ந்தது, அவர்களுடைய அச்சம் நியாயமானதே என்பதைக் காட்டியது.

2004-இல் மருந்து தொடங்கியவர்கள் இப்போது இருபது ஆண்டுகளைக் கடந்து, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற முதுமையின் நோய்களோடும் வாழ்கின்றனர். அவர்களுக்குத் தேவை தட்டுப்பாடில்லாத மாத்திரையும், எந்த மருத்துவமனையிலும் தயக்கமின்றிப் பேச முடியும் என்ற நிலையும். தேசிய இலவச உதவி எண் 1097.