குதிரையும் அதன் பாணரும்

அமெரிக்கப் பந்தயக் களங்களில் 1919, 1920 ஆகிய ஈராண்டுகளில் 21 முறை ஓடி 20 முறை வென்றது ‘மேன் ஓ வார்’ என்னும் செந்நிறக் குதிரை. ஓய்வுக்குப் பின் கென்டக்கி மாநிலப் பண்ணையொன்றில் அது வாழ்ந்தது. 1930 முதல் அதனைப் பேணியவர் வில் ஹார்பட் என்னும் கறுப்பினத்தவர்.

1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் குதிரையோட்டிகள் 15 பேரில் 13 பேர் கறுப்பினத்தவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறவெறி அவ்வினத்தாரைச் சேணத்தினின்று இறக்கியது. இலாயப் பணியே அவர்களுக்கு எஞ்சியது. அவ்விலாய வாயிலில் நின்று, காண வந்தோர்க்கெல்லாம் குதிரையின் வெற்றிகளைக் கதையாகச் சொன்னார் ஹார்பட். வேந்தன் புகழைப் பாணன் பரப்பியது போன்றது அது.

1946-இல் நோயுற்ற அவர், 1947 அக்டோபரில் மறைந்தார். அவரை இழந்து வாடும் குடும்பத்தாரின் பெயர்களோடு குதிரையின் பெயரையும் சேர்த்து எழுதியது ஓர் இரங்கற்குறிப்பு. ஒரு திங்கள் நிறைவதற்குள், நவம்பர் 1-ஆம் நாள், 30 வயதில் குதிரையும் மாய்ந்தது. அதன் உடல் பதப்படுத்தப்பட்டுப் பேழையில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேர் திரண்டனர். இறுதிச் சடங்கு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அப்புகழை நாள்தோறும் தம் நாவில் சுமந்தவரோ ஒரு மாதத்திற்கு முன்பே ஓய்ந்திருந்தார்.