ஷாங்காயில் கப்பலேறிய கோழிகள்

1849 நவம்பரில் பாஸ்டன் நகரப் பூங்காவில் இரண்டு நாள் கோழிக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவில் அதுவே முதல் முறை. காட்சிக்கு வந்த கோழிகள் 1,000-க்கும் மேல். பார்க்க வந்தவர்கள் 10,000-க்கும் மேல். நெரிசல் அதிகம் இருந்தது சீனத்துக் கோழிகளின் கூண்டுகளைச் சுற்றித்தான். பருத்த உடல், குட்டை வால், மிரளாத குணம். அவற்றில் பலவற்றுக்குத் தொடையிலிருந்து இறங்கிய இறகு கணுக்காலோடு நிற்காமல், வெளிவிரலின் நுனிவரை விசிறியாக விரிந்திருந்தது.

இந்தக் கோழிகள் கடல் தாண்ட வழி திறந்தது ஒரு போர். முதல் அபினிப் போரில் தோற்ற சீனா, 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கைப்படி ஷாங்காய் உட்பட ஐந்து துறைமுகங்களை ஆங்கிலேயருக்குத் திறந்துவிட்டது. தேயிலையும் பட்டும் ஏற்றிய கப்பல்களில் கோழிக்கூடைகளும் ஏறின. விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாகச் சில கோழிகள் போயின. அவற்றுக்காக வின்ட்சர் அரண்மனைத் தோட்டத்தில் தனி வீடே எழுந்தது. மகாராணி வளர்க்கும் கோழி என்றால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? 1850-இல் பர்மிங்காம் கண்காட்சிக்குப் பிறகு மோகம் ஊரெல்லாம் பரவியது. கோழிப் பைத்தியத்தைக் கேலி செய்து ‘பஞ்ச்’ இதழில் கார்ட்டூன்கள் வந்தன.

வெறும் பகட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பியக் கோழிகள் குளிர்காலத்தில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். சீனத்துப் பெட்டைகள் பனியிலும் இட்டன. அடையும் நன்றாக உட்கார்ந்தன. அவற்றிலிருந்து வந்த பிரம்மா என்ற இனத்தில் நன்கு வளர்ந்த சேவல் 5 கிலோவைத் தாண்டும்.

பிரம்மா என்ற பெயர் பிரம்மபுத்திரா நதியிலிருந்து வந்தது. சாம்பல் நிற ஷாங்காய்க் கோழிகளுக்கு அமெரிக்க வியாபாரிகள் அதைச் சூட்டினார்கள். வங்கக் கடலோரத்துச் சிட்டகாங் கோழியின் ரத்தமும் அவற்றில் கலந்திருப்பதாகக் கருதுவோர் உண்டு. மாசசூசெட்ஸ் வியாபாரி ஜார்ஜ் பர்ன்ஹாம், 1852 இறுதியில் இத்தகைய 9 கோழிகளை மகாராணிக்கே பரிசாக அனுப்பினார். நன்றியாக மகாராணியின் உருவப்படம் கிடைத்தது; பர்ன்ஹாமின் வியாபாரம் கொழித்தது. 1855-க்குள் விலை சரிந்துவிட, ‘கோழிக் காய்ச்சல்’ எனப்பட்ட அந்த மோகத்தின் வரலாற்றை அவரே புத்தகமாக எழுதி அதையும் விற்றார்.

காய்ச்சல் தணிந்த பிறகு நடந்ததுதான் வருத்தமானது. கொச்சின் என்று பெயர் பெற்ற ஷாங்காய்க் கோழி கண்காட்சிக்காரர்களின் கையில் மட்டும் தங்கியது. நடுவர்கள் இறகுக்குப் பரிசு கொடுத்தார்கள். வளர்த்தவர்கள் இறகையே பெருக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பஞ்சு போன்ற இறகு அடர்ந்தது, முட்டை குறைந்தது. மிக நல்ல பண்ணைக் கோழியை இப்படி வீணடித்திருக்க வேண்டாம். பிரம்மா ஓரளவு தப்பியது. ஏறத்தாழ 1930 வரை அமெரிக்காவின் முக்கிய இறைச்சிக் கோழிகளில் ஒன்றாக நீடித்தது.

ரத்தம் மட்டும் எங்கும் பரவிவிட்டது. 1886-இல் இங்கிலாந்தில் வில்லியம் குக் ஆர்பிங்டன் இனத்தை உருவாக்கியபோது, சீனத்து லாங்ஷானைக் கலந்தார். வயண்டாட் இனத்தில் பிரம்மா இருக்கிறது. ரோட் ஐலண்ட் ரெட்டில் ஷாங்காய்க் கோழி இருக்கிறது. நம் நாட்டு அரசுப் பண்ணைகளும் நெடுங்காலம் வளர்த்த செங்கோழி அதுதான். இவற்றின் காலில் இறகு இல்லை, முட்டை ஓட்டின் பழுப்பு நிறம் இருக்கிறது. மேலை நாட்டுப் பண்ணைக் கோழிகளுக்கு அந்த நிறம் பெரும்பாலும் ஆசியக் கோழிகளின் வழியாகவே வந்தது.

காலில் இறகு ஏன் முளைக்கிறது என்பதற்கு மரபியல் அண்மையில்தான் விடை கண்டது. வழக்கமாகக் காலில் அல்லாமல் இறக்கை உருவாகும் இடத்தில் வேலை செய்யும் ஒரு மரபணு, இந்தக் கோழிகளின் கருவில் காலிலும் விழித்துக்கொள்கிறது. புறாக்களிலும் இதே கதைதான். காலின் ஒரு பகுதி இறக்கையின் போக்கில் வளர்கிறது.

அந்த அழகு வளர்ப்பவரிடம் நிறைய வேலை வாங்கும். சேற்றில் நடந்தால் விரலிடுக்கில் மண் உருண்டு கல்லாக இறுகிவிடும். பிடித்து இழுத்தால் இறகும் பிய்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத்தான் கரைக்க வேண்டும். புதிதாக முளைக்கும் குருத்திறகுக்குள் ரத்தம் ஓடும். அது முறிந்தால் ரத்தம் கசியும். மற்ற கோழிகள் சிவப்பைக் கண்டு கொத்தத் தொடங்கும். இன்னொரு தொல்லை, கால் செதிலுக்கடியில் புகும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. சாதாரணக் கோழியில் செதில் தூக்கிக்கொண்டு நிற்பது பார்த்ததுமே தெரியும். இங்கே இறகு அதை மறைத்துவிடும். அதனால் கையில் எடுத்து, இறகை விலக்கிப் பார்ப்பது வழக்கம். உண்ணி இருந்தால் எண்ணெயோ வாசலினோ தடவி மூச்சடைக்க வைப்பார்கள். கனத்த உடம்பு என்பதால் அடையும் கட்டையையும் தாழ்வாக வைப்பார்கள். உயரத்திலிருந்து குதித்தால் பாதம் புண்ணாகிக் கட்டி வைக்கும்.

தமிழ்நாட்டில் அலங்காரக் கோழி வளர்ப்போரிடம் இப்போது பிரம்மாவும் குட்டைக் கொச்சினும் இருக்கின்றன. குளிர்நாட்டுக்கு ஏற்ற இறகுப் போர்வையோடு சித்திரை வெயிலைத் தாங்க, அவற்றுக்கு நிழலும் குளிர்ந்த நீரும் கட்டாயம் தேவை. ஐப்பசி மழையில் கூண்டுத் தரையில் உமியோ மரத்தூளோ பரப்பி, ஈரமானதும் மாற்ற வேண்டும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆசனவாயைச் சுற்றிய இறகையும் கத்தரித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் முட்டைகள் பல கூமுட்டையாகப் போய்விடும்.