ஒரே ‘க்யூஏ’, இரண்டு உலகம்: லிங்க்ட்இன்னில் சரியான வாடிக்கையாளரைத் தேடுவது எப்படி?

மருந்துக் கம்பெனிகளின் குளிர்பதன அறைகளில் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை நீங்கள் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கொடுத்திருக்கும் ஏரியா குஜராத். கருவியை வாங்கலாமா என்று சொல்ல வேண்டியவர் ஆலையின் தர உறுதிப் பிரிவுத் தலைவர். அந்தப் பிரிவைத் துறையில் ‘க்யூஏ’ என்பார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மூல மருந்தைத் தயாரிக்கும் ஆலைகள்தான் உங்கள் குறி. அந்த மூல மருந்துக்கு ‘ஏபிஐ’ என்று பெயர். இரண்டையும் லிங்க்ட்இன் தேடல் பெட்டியில் அடித்து என்டர் தட்டுகிறீர்கள்.

வந்து குவிவது சாஃப்ட்வேர் டெஸ்டர்கள். ஐடி துறையிலும் க்யூஏ உண்டு, ஏபிஐ உண்டு. அங்கே முதலாவது மென்பொருளைச் சோதிக்கும் வேலை. இரண்டாவது, மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி. தளத்தின் மேல் தப்பில்லை, நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் “லிங்க்ட்இன்ல ஒண்ணும் தேறாது” என்று முடிவு கட்டிவிட்டு, எங்கிருந்தோ ஒரு எக்செல் பட்டியலை வாங்கி, நாள் முழுக்க கால் போட ஆரம்பிக்கிறார்கள். மாதக் கடைசியில் டார்கெட் அப்படியே நிற்கிறது. பட்டியல் வாங்குவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டிய விஷயம் பூலியன் தேடல்.

பூலியன் தேடல் என்றால் என்ன?

ஜார்ஜ் பூல் 1815-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்த கணித அறிஞர். ‘ஆம், இல்லை’ என்ற இரண்டே மதிப்புகளை வைத்துத் தர்க்கத்தைக் கணக்காக எழுதலாம் என்று காட்டியவர்; அதை விரிவாகச் சொல்லும் நூல் 1854-இல் வந்தது. கம்ப்யூட்டர் சர்க்யூட் முதல் தேடல் பெட்டி வரை அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

நமக்கு வேண்டியது மூன்று சொற்கள். ‘ஆண்ட்’ போட்டால் இரண்டும் இருக்க வேண்டும். ‘ஆர்’ போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ‘நாட்’ போட்டால் அடுத்து வரும் சொல் இருக்கவே கூடாது. கூடவே, சொற்களைச் சேர்த்துப் பிடிக்க இரட்டை மேற்கோள் குறியும், குழுவாகப் பிரிக்க அடைப்புக்குறியும்.

இந்தக் கட்டுரையில் தேடல் வரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறோம். தளத்தில் ஆங்கிலத்தில் அடியுங்கள். அந்த மூன்று சொற்களும் முழுக்க கேப்பிட்டல் எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் அடித்தால் அது வெறும் சொல்லாகிவிடும்.

அடைப்புக்குறி ஏன் அவசியம்?

மேலே சொன்ன தேடலைத் திருத்த முயல்பவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்:

க்யூஏ ஆர் “குவாலிட்டி அஷ்யூரன்ஸ்” ஆண்ட் ஃபார்மா

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் லிங்க்ட்இன் ‘ஆர்’-ஐ விட ‘ஆண்ட்’-ஐ முதலில் கணக்கில் எடுக்கும். பள்ளியில் கூட்டலுக்கு முன் பெருக்கலைப் போட்டோமே, அதே மாதிரி. ஆகவே தளம் புரிந்துகொள்வது: ‘குவாலிட்டி அஷ்யூரன்ஸ்’, ‘ஃபார்மா’ இரண்டும் உள்ளவர்கள், அல்லது வெறும் ‘க்யூஏ’ உள்ள எவரும். டெஸ்டர்கள் மறுபடியும் உள்ளே வந்தாச்சு. சரியான வரி:

(க்யூஏ ஆர் “குவாலிட்டி அஷ்யூரன்ஸ்”) ஆண்ட் (ஃபார்மா ஆர் ஃபார்மசூட்டிக்கல் ஆர் ஃபார்மசூட்டிக்கல்ஸ் ஆர் “பல்க் டிரக்”)

‘ஃபார்மா’வுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வடிவமும் வராதா என்று கேட்கலாம். லிங்க்ட்இன்னில் வராது, அந்த வசதி அங்கே கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு சின்ன சிக்கல், ஆனால் நிறைய நேரம் தின்னும்: மேற்கோள் குறி நேரானதாக இருக்க வேண்டும். வேர்டிலோ மொபைலிலோ அடித்து காப்பி செய்தால் அது வளைந்த குறியாக மாறிவிடும், தளம் அதை ஏற்காது. தேடல் வரிகளை நோட்பேடில் சேமித்து வைப்பது நல்லது.

‘நாட்’ போடும்போது யாரை இழக்கிறீர்கள்?

டெஸ்டர்களை விரட்ட ‘நாட் சாஃப்ட்வேர்’ என்று போடத் தோன்றும். பட்டியல் உடனே சுத்தமாகத் தெரியும். பிரச்சினையே அதுதான், ஏனென்றால் யார் காணாமல் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ‘எங்கள் ஆலையில் புதிய தர மேலாண்மை சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தேன்’ என்று ப்ரொஃபைலில் பெருமையாக எழுதியிருக்கும் க்யூஏ தலைவரும் வெளியே போய்விட்டார். புதிய கருவிக்குக் கதவு திறக்கக்கூடிய ஆள் அவர். அதேபோல ‘நாட் இன்டர்ன்’ என்று போட்டால், 15 வருடத்துக்கு முன் இன்டர்னாகச் சேர்ந்து இன்று ஜெனரல் மேனேஜராக இருப்பவரும் போகலாம்.

டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இது பழகிய ஆபத்து. தப்பாக உள்ளே வந்த வரிசை கண்ணில் படும்; தப்பாக வெளியே போனது படாது. அதனால் ‘நாட்’-ஐப் பொதுத் தேடல் பெட்டியில் போடாமல், ‘ஆல் ஃபில்டர்ஸ்’ பகுதியில் பதவிப் பெயருக்கென்று இருக்கும் ‘டைட்டில்’ கட்டத்தில் மட்டும் போடுங்கள். ‘நாட் (டிரெய்னர் ஆர் கன்சல்டன்ட் ஆர் ரெக்ரூட்டர்)’ என்பது அங்கே பெரும்பாலும் பாதுகாப்பானது. விலக்குவதை விட, உங்கள் ஆள் மட்டுமே பயன்படுத்தும் சொல் ஒன்றைச் சேர்ப்பது இன்னும் நல்லது. வெப்பநிலைக் கருவி விஷயத்தில் ‘டெம்பரேச்சர் மேப்பிங்’, ‘ஜிஎம்பி’ போன்ற சொற்களை எந்த சாஃப்ட்வேர் டெஸ்டரும் சாதாரணமாக எழுதமாட்டார்.

பதவிப் பெயரும் ஊர்ப் பெயரும்

இந்தியாவில் ஒரே நாற்காலிக்குப் பல பெயர். ஒரு கம்பெனியில் ‘ஹெட் க்யூஏ’, பக்கத்துக் கம்பெனியில் ‘ஏஜிஎம் குவாலிட்டி’, இன்னொன்றில் ‘வைஸ் பிரசிடென்ட் – கார்ப்பரேட் குவாலிட்டி’. வாங்கும் பிரிவிலும் அப்படித்தான்: பர்ச்சேஸ், ப்ரொக்யூர்மென்ட், சோர்சிங், எஸ்சிஎம், மெட்டீரியல்ஸ். உங்கள் கம்பெனியின் பழைய இன்வாய்ஸ்களை எடுத்து, கடைசியாக வாங்கிய பத்து வாடிக்கையாளர்கள் சார்பில் கையெழுத்திட்டவர்களின் பதவியைப் பாருங்கள். எந்த ரெடிமேட் டெம்ப்ளேட்டும் அந்தப் பட்டியலுக்கு ஈடாகாது.

ஊருக்கு லிங்க்ட்இன்னின் லொகேஷன் ஃபில்டரே போதும். கூகுளில் தேடும்போதுதான் கவனம் தேவை: வதோதராவை இன்னும் பரோடா என்று எழுதுபவர்கள் ஏராளம், குருகிராமை குர்கான் என்பவர்களும், பெங்களூருவை பழைய ஆங்கிலப் பெயரில் எழுதுபவர்களும் அப்படியே. இரண்டையும் ‘ஆர்’ போட்டு இணையுங்கள்.

கூகுள் எதற்கு?

இலவசக் கணக்கில் ஆட்களைத் தேடுவதற்கு லிங்க்ட்இன் மாத வரம்பு வைத்திருக்கிறது. எத்தனை தேடல் என்பதை அது வெளியே சொல்வதில்லை. வரம்பைத் தொட்டால் முடிவுகள் சுருங்கிவிடும்; அடுத்த மாதம் 1-ஆம் தேதிதான் மறுபடி திறக்கும். டார்கெட் மாதக் கடைசியில், வரம்பு மாத நடுவில் என்று மாட்டிக்கொண்டால் கஷ்டம்தான். பெயர் தெரிந்த ஒருவரை நேரடியாகத் தேடுவது இந்தக் கணக்கில் சேராது.

அதனால் முதல் கட்டச் சோதனைகளை கூகுளில் செய்து பார்க்கலாம். ‘சைட்’ என்ற சொல், கோலன், இடைவெளி விடாமல் லிங்க்ட்இன் முகவரி, ஒரு சாய்கோடு, ‘இன்’. அதன் பிறகு உங்கள் சொற்கள். பொதுவில் திறந்திருக்கும் ப்ரொஃபைல்கள் மட்டும் வரும். கூகுளில் ‘ஆண்ட்’ தேவையில்லை. ‘நாட்’-க்குப் பதில் சொல்லை ஒட்டி ஒரு கழித்தல் குறி.

பணம் கட்டும் சேல்ஸ் நேவிகேட்டரில் ஒரு தேடலுக்கு 2,500 முடிவுகள் வரை காட்டும், இலவசத்தில் 1,000. இரண்டிலுமே முடிவு அந்த எண்ணைத் தாண்டினால் மீதியைப் பார்க்க முடியாது. ஊர்வாரியாகப் பிரித்துத் தேடுங்கள். ஆனால் 1,000 பேர் உங்களுக்கு எதற்கு? முதல் இருபது ப்ரொஃபைலைத் திறந்து, அதில் எத்தனை பேரிடம் உண்மையிலேயே பேசுவீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் வரியைத் திருத்துங்கள்.

லிங்க்ட்இன்னில் இல்லாதவர்கள்

அங்கலேஷ்வரிலோ வாபியிலோ உள்ள சிறிய ஆலையின் முதலாளி ப்ரொஃபைலைத் தொட்டு வருடக்கணக்காகியிருக்கலாம், அல்லது கணக்கே இல்லாமல் இருக்கலாம். மருந்துத் துறையில் இவர்களை விட்டுவிடுவது பெரிய நஷ்டம். மருந்து உற்பத்தித் தரத்துக்கான ‘ஷெட்யூல் எம்’ விதி 2023 டிசம்பர் இறுதியில் திருத்தப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய் வரை உள்ள, அவகாசம் கேட்டு விண்ணப்பித்த நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை காலம் கொடுக்கப்பட்டது. பதிவேடுகளையும் கருவிகளையும் சரிசெய்ய வேண்டிய நெருக்கடி அதிகமாக இருப்பது இவர்களுக்குத்தான். இவர்களைத் தேட மருந்து ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சிலான ஃபார்மெக்சில், துறைக் கண்காட்சிகள், தொழிற்பேட்டைச் சங்கங்கள் என்று வேறு வழிகளில் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒருவர் தானாகவே பொதுவில் போட்ட தகவலுக்கு 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கட்டம் கட்டமாக அமலாகின்றன. ஆகவே திறந்த ப்ரொஃபைலைப் படித்துக் குறிப்பெடுப்பது ஒன்று. எவரோ விற்ற பட்டியலில் இருக்கும் மொபைல் எண் வேறு ஒன்று. அந்த எண்ணை அதன் சொந்தக்காரர் பொதுவில் போட்டார் என்று உங்களால் சொல்ல முடியாது. விற்பனை அழைப்புகளுக்கு டிராயின் 2018 ஒழுங்குமுறையும் உண்டு: டிஎன்டி பதிவை மதிக்க வேண்டும், விளம்பர அழைப்புகள் 140-இல் தொடங்கும் எண்களிலிருந்து போக வேண்டும்.

ப்ரொஃபைல்களை மொத்தமாக உருவும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை லிங்க்ட்இன்னின் பயனர் ஒப்பந்தம் தடை செய்கிறது. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கலாம். முடங்குவது கம்பெனியின் கணக்காக இருக்காது, சொந்தப் பெயரில் நீங்கள் பல வருடம் சேர்த்த தொடர்புகளோடு உங்கள் கணக்காக இருக்கும். மேனேஜர் அந்த எக்ஸ்டென்ஷனைப் போடச் சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.