15–3, 7–15: மன்னிப்புக் கேட்ட பிறகு வந்த புகழ்

2021 ஜூலை 26, டோக்கியோ. ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர், சென்னை வண்ணாரப்பேட்டைப் பிள்ளை பவானி தேவி. முதல் ஆட்டத்தில் துனீசியாவின் நாடியா பென் அசீசியை 15–3 என்று வென்றா. அடுத்ததில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7–15 என்று தோற்றா. தன்னால் இயன்றதைச் செய்தும் வெல்ல முடியேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்ற மாதிரி டுவிட்டரில எழுதினா. பிரதமர் மோடியே ஆறுதல் சொல்லிப் பதில் போட்டார். வாள்வீச்சு என்றால் என்னவென்றே தெரியாத ஆக்களின்ட போனிலயும் அந்தப் பெயர் ஓடத் தொடங்கியது.

நாங்கள் அவவைக் கண்டது அன்றைக்கு. ஆனா கதை 2004 இல் தொடங்குது.

ஒலிம்பிக் வாள்வீச்சில் பெண்களுக்கு ஃபொயில் பிரிவு 1924 இலேயே வந்துவிட்டது. எப்பே 1996 இல். குதிரைப்படை வாளின் வழிவந்த சேபர், 2004 ஏதென்சில்தான் பெண்களுக்குத் திறந்தது. அதே ஆண்டுதான் பவானியும் பள்ளிக்கூடத்தில் இந்த விளையாட்டில் சேர்ந்தா. வாள் விலை கூட. அதனால பயிற்சி மூங்கில் தடியில். 2007 இல் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி: மூன்று நிமிடம் பிந்தினதுக்குக் கறுப்பட்டை காட்டி வெளியேற்றினார்கள். பிறகு கேரளாவின் தலச்சேரி, இத்தாலியின் லிவோர்னோ என்று பயிற்சி. போட்டிகளுக்கு அனுப்ப அம்மா நகையை அடகு வச்சா. இப்படிப் பதினேழு வருசம்.

அவவைத் தோற்கடித்த புருனே அந்த ஒலிம்பிக்கிலேயே வெண்கலம் வென்றவ. அப்படியொருத்தியிடம் தோற்றதுக்கு ஒரு பிள்ளை நாட்டிடம் மன்னிப்புக் கேக்க வேண்டி வந்தது ஏன்? நாங்கள் பதக்கத்தை மட்டும் எண்ணிப் பழகினதாலதான்.

சரி, பதக்கத்தையாவது கவனிச்சமா? 2023 ஜூனில் சீனாவின் வூசியில் நடந்த ஆசியப் போட்டியில், உலக சாம்பியனாக இருந்த ஜப்பானின் மிசாகி எமுராவை வென்று பவானி வெண்கலம் எடுத்தா. அந்தப் போட்டித்தொடரில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. எங்களில எத்தனை பேர் அதைப் பகிர்ந்தம்?

வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் ஓ.எல். கிட்ட வந்தா, "விளையாட்டை விட்டுட்டு ரியூசனுக்குப் போ" என்பதுதான் வழக்கம். மூங்கில் தடியோடு நிக்கிற பிள்ளைக்கு லைக் விழாது. ஆனா ஆள் தேவைப்படுறது அந்த நேரத்திலதான்.